புகை அடித்தும் நுளம்பு போகவில்லையே, டொக்டர்?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். இந்த மாதம் இரண்டு தடவை புகை அடித்தார்கள், ஆனாலும் நுளம்பு குறையவில்லை. பக்கத்து வாய்க்கால்தான் காரணமோ? வாராவாரம் புகை அடிக்கச் சொல்லலாமா? ஏழு வயது மகனுக்கு முட்டு (ஆஸ்துமா) இருக்கிறது.

பதில்: வாராவாரம் வேண்டாம். நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவான 2017இலும் என்னிடம் வந்தவர்கள் கேட்டது புகையைத்தான். புகை பறக்கிற நுளம்பை மட்டுமே கொல்லும். தண்ணீரில் நெளியும் குடம்பிக்கு ஒன்றும் ஆகாது, சில நாளில் புதுக் கூட்டம் கிளம்பிவிடும். டெங்கு வந்த வீட்டைச் சுற்றி உடனே அடிப்பதில் பயன் உண்டு. சும்மா சும்மா அடித்தால் நுளம்புக்கு மருந்து பழகிப்போகும். நுளம்பைத் தின்னும் தும்பியும் சேர்ந்து சாகும்.

அடிக்கிற நாளில் மகனை வேறு இடத்துக்குக் கூட்டிப் போங்கள். புகை கலைந்து, ஜன்னல்களைத் திறந்து வைத்த பிறகு வரட்டும். இன்ஹேலர் கையில் இருக்கட்டும்.

வாய்க்காலில் பெருகுவது பெரும்பாலும் இரவில் கடிக்கும் கியூலெக்ஸ். அதில் கழிவெண்ணெய் ஊற்றினால் வாய்க்கால்தான் நாசமாகும். டெங்கு நுளம்பான ஈடிஸ் பகலில் கடிப்பது, அதற்கு வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். மணி பிளான்ட் போத்தல், பூச்சட்டித் தட்டு, ஏசி வாளி, மொட்டைமாடித் தாங்கியின் மூடி, கூரைப் பீலி எல்லாம் பாருங்கள். என் வீட்டிலேயே ஒருமுறை ஃபிரிட்ஜின் பின்தட்டில் குடம்பிகள் நெளிந்தன. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் வீட்டில்!

தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால் வாரத்தில் ஒருநாள் கட்டாயம். லிஃப்ட் குழியை நிர்வாகக் குழு பார்க்கட்டும். அவர்கள் அசையாவிட்டால் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) சொல்லுங்கள்.

அப்புறம், மகனுக்குக் காய்ச்சல் வந்தால் எடைக்கேற்ற அளவில் பரசிட்டமோல் மட்டும். இபுபுரோபன், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் எதுவும் வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்டதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், ஆபத்து தொடங்குவதும் அப்போதுதான். வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்ந்து படுப்பது, சிறுநீர் குறைவது என்று எதைக் கண்டாலும் இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.