நிறுத்திவைத்த லாபம் 42 லட்சம், வங்கியில் இருப்பதோ 3 லட்சம்: மீதிப் பணம் எங்கே போயிற்று?

கொழிஞ்சாம்பாறை அருகே தென்னை நார் மில் நடத்தும் உங்கள் குடும்பக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில், முந்தைய ஆண்டுகளின் 30 லட்சமும் இந்த ஆண்டு லாபம் 14 லட்சமும் சேர்ந்து, டிவிடெண்டாகப் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தந்த 2 லட்சம் போக, 42 லட்சம் ரூபாய் நிறுத்திவைத்த லாபமாகக் காட்டப்பட்டிருக்கிறது; ஆனால் வங்கியில் 3 லட்சம்தான் இருக்கிறது; மீதியை யாராவது எடுத்துக்கொண்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சித்தூர் தாலுகாவிலும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் சிறு மில்களுக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில், இந்த ஒரு சந்தேகத்தால் அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் தந்த எண்களை வைத்துப் பார்த்தால், யாரும் எதையும் எடுக்கவில்லை. நிறுத்திவைத்த லாபம் என்பது கம்பெனி தொடங்கிய நாள்முதல் ஈட்டிய நிகர லாபத்தில், பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் தொழிலிலேயே விட்டுவைத்த தொகை. அது பேலன்ஸ் ஷீட்டில் சொத்துகளின் பக்கத்தில் வருவதில்லை. பங்கு மூலதனத்துக்கு அடுத்து, கம்பெனியின் மீது உரிமையாளர்களுக்கு உள்ள பாத்தியதையாக வருகிறது. இத்தனை ஆண்டுகளில் களத்துக்கு எத்தனை மூட்டை நெல் வந்தது என்ற கணக்கைப் பார்த்து, இன்று குதிரில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாதல்லவா? அப்படித்தான் இதுவும். பணம் என்னவாக மாறியிருக்கிறது என்பதைச் சொத்துகளின் பக்கத்தில்தான் தேட வேண்டும்.

இந்த ஆண்டின் 14 லட்சத்தை மட்டும் பின்தொடர்ந்து பார்ப்போம். லாபத்தைக் கணக்கிடும்போது தேய்மானமாக, அதாவது இயந்திரங்கள் பழசாவதால் குறையும் மதிப்பாக, கழித்த 4 லட்சம் ரொக்கமாக வெளியே போகவில்லை. அதைத் திரும்பக் கூட்டினால் 18 லட்சம் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் சரக்கை வாங்கியவர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 7 லட்சம் கூடியிருக்கிறது. விற்ற அன்றே லாபத்தில் ஏறிவிட்ட அந்தத் தொகை இன்னும் வங்கிக்கு வந்து சேரவில்லை. கிடங்கில் சரக்கு 3 லட்சம் கூடியிருக்கிறது. கணக்கை முடிக்கும் மார்ச் 31 நம் பக்கத்தில் நல்ல வெயில் காலம். மழைக்கு முன்பு நாரைக் காயவைத்துப் பேல் கட்டி அடுக்கும் நேரம் என்பதால், ஆண்டு முடிவில் சரக்குப் பெருத்து நிற்பது இந்தத் தொழிலின் இயல்பு. அடுத்து, வங்கிக் கடனில் 5 லட்சம் அசலைக் கட்டியிருக்கிறீர்கள். பலரும் தவறவிடும் இடம் இதுதான்: வட்டி மட்டுமே செலவு, அசல் செலவாகாது, ஆகவே அசலைக் கட்டினால் லாபம் குறையாது, ரொக்கம் மட்டும் குறையும். டிவிடெண்ட் 2 லட்சத்தையும் சேர்த்தால் மொத்தம் 17 லட்சம் போயிருக்கிறது. மிஞ்சிய 1 லட்சம்தான் சென்ற ஆண்டின் 2 லட்சம் வங்கி இருப்பை 3 லட்சமாக உயர்த்தியது. முந்தைய 30 லட்சமும் இப்படியே இயந்திரமாகவும் உலர்களமாகவும் பழைய பாக்கிகளாகவும் உருமாறியிருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளின் பேலன்ஸ் ஷீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சொத்தும் எவ்வளவு ஏறியது, ஒவ்வொரு கடனும் எவ்வளவு இறங்கியது என்று நீங்களே பாருங்கள். என் கருத்தில், உங்கள் கம்பெனி கவலைப்பட வேண்டியது லாபத்தைப் பற்றியல்ல, அந்த 7 லட்சம் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்பதைப் பற்றித்தான்.

கம்பெனியாக இல்லாமல் தனி உரிமையாளர் தொழிலாக இருந்திருந்தால், லாபம் நேரே உரிமையாளரின் மூலதனக் கணக்கில் சேர்ந்திருக்கும். கூட்டாண்மையில் கூட்டாளிகளின் கணக்குகளுக்குப் பிரிந்து போயிருக்கும். நிறுத்திவைத்த லாபம் என்ற தலைப்பே எழுந்திருக்காது.

42 லட்சத்தையும் டிவிடெண்டாகக் கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, தேய்மானத்துக்கு ஒதுக்கிய பிறகு இந்த ஆண்டு லாபத்திலிருந்தும், முந்தைய ஆண்டுகளில் பிரிக்காத லாபத்திலிருந்தும் டிவிடெண்ட் தர அனுமதிக்கிறது. பழைய நட்டம் நிலுவையில் இருந்தால் அதை முதலில் ஈடுகட்ட வேண்டும். கம்பெனியின் பதிவு எரணாகுளத்தில் இருந்தாலும் கோயம்புத்தூரில் இருந்தாலும் இது ஒன்றே. சட்டம் வழிவிட்டாலும், 3 லட்சம் ரொக்கத்தை வைத்துக்கொண்டு 42 லட்சம் கொடுக்க வேண்டுமானால் கடன் வாங்கவோ இயந்திரத்தை விற்கவோ வேண்டியிருக்கும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிட ஆபத்தானது, "நம் லாபம்தானே" என்று கம்பெனியிலிருந்து கைமாற்றாக எடுப்பது. உங்களுடையது போன்ற குடும்பக் கம்பெனியில், 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரர் கடனாகப் பெறும் தொகையை, சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவு வரை டிவிடெண்டாகவே கருதி வருமான வரிச் சட்டம் வரி கேட்கும். பின்னர் அதைத் திருப்பிக் கட்டிவிட்டேன் என்று சொல்வது பொதுவாக வரியிலிருந்து காப்பாற்றாது. இயக்குநர்களுக்குக் கடன் கொடுப்பதைக் கம்பெனிச் சட்டத்தின் 185ஆம் பிரிவும் தனியாகக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே யாருக்காவது அவசரத் தேவை இருந்தால், எடுப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் சொல்லி, சம்பளமாகத் தருவதா டிவிடெண்டாகத் தருவதா என்று முடிவு செய்து, தீர்மானம் எழுதிவைத்த பிறகு கொடுங்கள்.