மாடுகளைத் திரட்டப் போகும்போது பிள்ளைகளைக் குதிரையில் கூட்டிப் போகலாமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்தில் ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில் கணவருக்கு வேலை. மகளுக்கு 9 வயது, குதிரை ஓட்டப் பழகிவருகிறாள். மகனுக்கு 5. மே மாதம் மாடுகளைத் திரட்டிப் பட்டிக்குக் கொண்டுவரும் நாளில் பிள்ளைகளோடு குதிரையில் வரச் சொல்கிறார்கள். போகலாமா? சின்னவனை என் முன்னால் உட்காரவைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் சின்னவன். அவனை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு போகவே வேண்டாம். மாட்டு வேலைக்குப் பழகிய குதிரை, ஒரு மாடு விலகி ஓடினால் நீங்கள் சொல்வதற்கு முன்பே அதை மறிக்கத் திரும்பிவிடும். அந்த நொடியில் உங்கள் ஒரு கை பிள்ளையைப் பிடித்திருக்கும், மற்ற கையில்தான் கடிவாள வார். குதிரை குழியில் கால் வைத்துச் சாய்ந்தால் உங்கள் எடை முழுதும் அவன்மேல் விழும். துணியால் சேர்த்துக் கட்டிக்கொள்வது இன்னும் மோசம். சாப்பாடும் தண்ணீரும் ஏற்றிவரும் வண்டியில், வயதுக்கேற்ற குழந்தை இருக்கையில் அவன் வரட்டும். குவாட் பைக்கில், அதாவது பண்ணையில் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் பைக்கில், மட்டும் ஏற்றிவிடாதீர்கள். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் உயிரைப் பறிக்கும் விபத்துகளில் அது முன்வரிசையில் இருக்கிறது. பெரியவர்களுக்கான குவாட் பைக்கை 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டவும் கூடாது, அதில் ஏறிப் போகவும் கூடாது என்றுதான் அங்கே பாதுகாப்பு அறிவுரை சொல்கிறது.

மகள் வரலாம். ஆனால் நாளின் எந்தப் பகுதியில் வருகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காலையில் ஹெலிகாப்டரும் மோட்டார் பைக்கும் புதர்களுக்குள் நிற்கும் மாடுகளைக் கிளப்பும். அவை நாலு பக்கமும் சிதறும், மறிக்கக் குதிரைகளும் பாய்ந்து ஓடும். அங்கே அவளுக்கு வேலையில்லை. மாலையில் பட்டி வாசலை நெருங்கும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். முன்னால் போகும் மாடு வாசலைப் பார்த்துத் தயங்கும், பின்னால் வருபவை நெருக்கும், திடீரென்று பத்து மாடுகள் ஒன்றாகத் திரும்பி ஓடும். கடைசிக் கொஞ்ச தூரம்தானே என்று பிள்ளைகளை அந்த நேரத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் அதுதான் மிகவும் தவறான நேரம்.

அவளுக்கு ஏற்றது நடுப்பகுதி. மந்தை சேர்ந்து, தாய்மாடுகள் கன்றுகளைத் தேடிப் பிடித்து, கத்தல் அடங்கி, எல்லாம் நடைக்கு வந்தபிறகு அவள் குதிரை ஏறட்டும். ஒரு மணி நேரம் போதும். பட்டி கண்ணில் படும் முன் இறங்கி வண்டிக்கு வந்துவிட வேண்டும்.

அவளோடு ஒரு பெரியவர் குதிரையில் இருக்க வேண்டும். மாடு ஓட்டும் பொறுப்பு எதுவும் அவருக்கு அன்று இருக்கக் கூடாது. பக்கத்தில் மாடு தப்பினால் தப்பட்டும், அவர் அவளை விட்டு நகரக் கூடாது. இதை முந்தின நாளே வேலைத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். ஆள் குறைவு, ஒருவரை விட முடியாது என்று அவர் சொன்னால் அவள் அன்று போக வேண்டாம்.

வயதைவிட அவளுக்கு என்ன கைவந்திருக்கிறது என்று பாருங்கள். வேலிக்கு வெளியே, மற்ற குதிரைகள் ஓடும்போது தன் குதிரையை நிறுத்தத் தெரிகிறதா? நில் என்றால் ஏன் என்று கேட்காமல் நிற்கிறாளா? இரண்டுக்கும் ஆம் என்றால் மந்தையின் பின்பக்க ஓரத்தில், புழுதி அடிக்காத பக்கமாக அவளை வரவிடலாம். முன்னால் போகும் குதிரையிலிருந்து ஒரு குதிரை நீளமாவது தள்ளி இருக்க வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகவே கூடாது. எந்த மாட்டையும் துரத்தக் கூடாது.

மாட்டை எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை உண்டு. அதற்குள் நாம் நுழைந்தால் அது நகரும், விலகினால் நின்றுவிடும். அதன் தோளுக்குப் பின்னால் நாம் நின்றால் முன்னே போகும், தோளைத் தாண்டி முன்னால் வந்தால் திரும்பிவிடும். வடக்கே அதிகம் இருக்கும் திமில் வைத்த பிராமன் மாடுகள் இதில் ரொம்பக் கூர்மை. தலையைத் தூக்கி இரண்டு காதையும் அவள் பக்கம் திருப்பினால் போதும், அவள் அங்கேயே நின்றுவிட வேண்டும். மாடு அவள் முகத்துக்கு நேராக நின்றுவிட்டால் அவள் மெல்லப் பின்வாங்கட்டும்.

குதிரைச் சவாரிக்கென்றே செய்த ஹெல்மெட் வேண்டும், சைக்கிள் ஹெல்மெட் உதவாது. சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் கால் வழுக்கி மாட்டிக்கொள்ளாதபடி குதிகால் வைத்த பூட்ஸ், முழுக்கைச் சட்டை. தண்ணீரை அவள் கேட்கும்வரை காத்திராமல் கொடுங்கள். கூட வருபவரிடம் ரேடியோ இருக்க வேண்டும். விமானத்தில் வந்து சிகிச்சை தரும் பறக்கும் மருத்துவர் சேவையின் மருந்துப் பெட்டி பண்ணையில் எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், அவளுடைய முதல் நாள் திரட்டலாகவே இருக்க வேண்டாம். பால் மறக்கடித்த கன்றுகளைச் சில நாள் பட்டியில் வைத்து ஆட்களுக்கும் குதிரைக்கும் பழக்குவார்கள். அப்புறம் பகலில் வெளியே விட்டு, சுற்றிலும் குதிரையில் நின்று மேயவைத்து, மாலையில் பட்டிக்குத் திருப்புவார்கள். ஓட்டமே பெரும்பாலும் இருக்காது, நிற்பதும் நடப்பதும்தான். அந்த மேய்ச்சல் எந்த வாரம் என்று கணவரிடம் கேட்கச் சொல்லுங்கள். முதல் ஓரிரு நாள் கன்றுகள் மிரளும், அது கழிந்தபிறகு, மாலையில் பட்டிக்குத் திருப்பும் நேரத்தை விட்டுவிட்டு, ஒரு காலைப்பொழுது அவளை அனுப்புங்கள்.