வாசகர் கேள்வி–பதில்: தலையசைப்பை நம்பலாமா?

கேள்வி: நான் கோவையில் வளர்ந்தவள், திருமணமாகி அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்திருக்கிறேன். தெருவில் இறங்கினால் போதும், எங்கே போகிறேன், என்ன வாங்கினேன், எவ்வளவு கொடுத்தேன் என்று யாராவது கேட்கிறார்கள். கணவரின் நண்பர்கள் அவரை ‘ஏலே’ என்று கூப்பிடுவது எனக்குச் சண்டை போலவே கேட்கிறது. இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம் வட்டம்

பதில்: எங்கே போகிறீர்கள் என்று கேட்பவருக்கு நீங்கள் போகும் இடம் பெரும்பாலும் தேவையே இல்லை. செய்தியைப் பரிமாறுவதற்காக அல்லாமல், உறவு அறுந்துவிடாமல் இருப்பதற்காகவே மனிதர்கள் பேசும் பேச்சு ஒன்று உண்டு என்று மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923-ஆம் ஆண்டிலேயே எழுதினார். அவர் வாழ்ந்து பார்த்தது பசிபிக் கடலின் திரோபிரியந்துத் தீவுகள் என்றாலும், தாமிரபரணிக் கரைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. ‘கடைக்கு’ என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல்லே முழு விடை. புறப்படும் நேரத்தில் ‘எங்கே’ என்று கேட்பது ஆகாது என்று நினைக்கும் பெரியவர்கள் ‘தூரமா?’ என்று கேட்பதையும் கவனித்திருப்பீர்கள். அதற்கு ‘இந்தா, பக்கத்திலதான்’ என்றால் போதும். விலை விசாரிப்பு மட்டும் வேறு வகை. கத்தரிக்காய் இன்று என்ன விலைக்குப் போகிறது என்பது கேட்டவருக்கு உண்மையாகவே வேண்டிய தகவல், ஆகையால் அதற்குச் சரியான விடை சொல்லுங்கள்.

ஒருவரைப் பன்மையில் குறிப்பிடுவது வழக்கினால் வந்த உயர்வே தவிர இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் சொல்கிறது. வழக்கு என்றால் ஊருக்கு ஊர் மாறத்தான் செய்யும். உங்கள் ஊரில் வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் ‘ங்க’வில் மரியாதை கேட்கும், இங்கே அது அண்ணாச்சி, மதினி, பெரியம்மை என்று அழைக்கும் முறையில் இருக்கிறது. சேக்காளிகளுக்குள் ‘ஏலே’ என்பது நெருக்கத்தின் உரிமை, அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் அதே சொல்லை வயதில் மூத்த கூலித் தொழிலாளி ஒருவரைப் பார்த்து வசதியுள்ளவர் சொல்லிவிட்டு, ‘இது எங்கள் ஊர்ப் பேச்சு’ என்று சமாதானம் சொன்னால், அதைப் பண்பாடு என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். திருப்பி அழைக்க முடியாதவரை நோக்கி வரும் ‘ஏலே’யில் நெருக்கம் இல்லை.

கேள்வி: பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே ஜெர்மன் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் வேலை செய்கிறேன். ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?’ என்று மேலாளர் கேட்டபோது, முயற்சி செய்கிறேன் என்றேன். முடியாது என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். அவரோ வாடிக்கையாளருக்குத் தேதியே கொடுத்துவிட்டார். பிறகு காணொளிக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் என்னைக் குறை சொன்னார். அவர் முரடரா, நான் கோழையா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் இல்லை. பேச்சில் விடுபட்டதை இட்டு நிரப்பும் வேலை யாருடையது என்பதில்தான் உங்கள் இருவருக்கும் கணக்கு வேறு. எட்வர்டு ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1976-இல் இதை விரிவாக எழுதினார். சில சமூகங்களில் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி சூழலிலும் உறவிலும் குரலிலும் ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொண்டு கொஞ்சமே சொல்லப்படும், மற்றச் சமூகங்களில் எல்லாமே சொற்களில் வந்தாக வேண்டும் என்பது அவர் கருத்து. ஜப்பானியரை முதல் பக்கத்திலும் ஜெர்மானியரை மறுபக்கத்திலும் அவர் வைத்தார். இது அளந்து கண்ட முடிவு அன்று, நெடுநாள் கவனிப்பில் பிறந்த வகைப்பாடு என்று பின்வந்தவர்கள் குறை சொன்னதும் நியாயமே. ஜெர்மானியர் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவதில்லை, நம்மவரிலும் முகத்துக்கு நேரே உடைத்துச் சொல்பவர்கள் உண்டு. எனினும் உங்கள் வெள்ளிக்கிழமையைப் புரிந்துகொள்ள அது உதவும்.

முடியாது என்பதை நாம் ஏன் சுற்றி வளைத்துச் சொல்கிறோம் என்பதற்கு இன்னொரு விளக்கமும் இருக்கிறது. பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் 1978-இல் மரியாதைப் பேச்சைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்றும் மொழியியல் மாணவர்கள் படிப்பது. அதற்கு அடிப்படையாக அவர்கள் எடுத்துக்கொண்ட மொழிகள் மூன்று: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில் கேட்ட தமிழ். தன்னைப் பிறர் மதிக்க வேண்டும், தன் வழியில் பிறர் குறுக்கிடக் கூடாது என்னும் இரண்டு விருப்பங்கள் எல்லா மனிதருக்கும் உண்டு. மறுப்பும் கட்டளையும் அவற்றைக் காயப்படுத்தக் கூடியவை என்பதால், எதிரில் இருப்பவர் எவ்வளவு அந்நியர், எவ்வளவு அதிகாரம் உள்ளவர், கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பவற்றைப் பொறுத்துப் பேச்சின் சுற்று கூடுகிறது, குறைகிறது என்றார்கள். உங்களிடம் கேட்டவர் அயல்நாட்டவர், உங்கள் மேலாளர், கேட்டதோ பெரிய வேலை. மூன்றும் கூடினால் ‘முயற்சி செய்கிறேன்’தான் வரும்.

இன்னொன்று. ஒருவர் பேசி முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையிலான நேரத்தைப் பத்து மொழிகளில் அளந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. அந்தப் பத்தில் ஜப்பானிய மொழிக்காரர்கள் சராசரியில் மிக விரைவாகவும் டேனிஷ் மொழிக்காரர்கள் மிகத் தாமதமாகவும் விடை சொன்னார்கள், ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ அரை நொடிதான். இவ்வளவு சிறிய இடைவெளியைக்கூட மனித மனம் தயக்கம் என்றும் உடன்பாடின்மை என்றும் படித்துக்கொள்கிறது. இணைய இணைப்பு தன் பங்குக்கு ஒரு தாமதத்தைச் சேர்க்கும் காணொளிக் கூட்டத்தில் மௌனத்தால் எதையும் உணர்த்த முயலாதீர்கள்.

அடுத்த முறை, வெள்ளிக்கிழமைக்குள் எந்தப் பகுதி முடியும், எது முடியாது, மீதிக்கு எந்தத் தேதி என்று சொல்லிவிட்டு, அதையே அன்றே எழுதியும் அனுப்புங்கள். அவர் இதை மரியாதைக் குறைவாகக் கொள்ள மாட்டார். எல்லார் முன்னிலையிலும் குறை சொன்னது உங்களுக்கு உறுத்தியதென்றால், அதையும் அவரிடம் தனியாக, நேராகவே சொல்லிவிடலாம். நீங்கள் மட்டுமே அவருடைய முறைக்கு மாற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கேள்வி: அணுமின் நிலையக் குடியிருப்புப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். அங்கே வரும் ரஷ்யர்கள் சிரிப்பதே இல்லையே, ஏதும் கோபமா?
– ஒரு வாசகர், செட்டிகுளம்

பதில்: கோபம் இல்லை. அறிமுகம் இல்லாதவரைப் பார்த்துக் காரணமின்றிச் சிரிப்பது அவர்கள் நாட்டில் வழக்கம் இல்லை. பழகியவர்களிடம் தாராளமாகச் சிரிப்பார்கள். கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988-இல் கையெழுத்தானது. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் நாலு வார்த்தை ரஷ்ய மொழி பேசக் கற்றுக்கொண்டிருந்தால் நான் வியப்படைய மாட்டேன். நீங்களும் வணக்கத்துக்கான சொல்லை மட்டும் கற்றுப் பாருங்கள்.

கேள்வி: வள்ளியூர்ப் பகுதியில் கட்டட ஒப்பந்த வேலை எடுத்துச் செய்கிறேன். பீகார், ஒடிசாப் பையன்கள் எது சொன்னாலும் தலையை ஆட்டுகிறார்கள். மறுநாள் பார்த்தால் வேறு மாதிரி செய்திருக்கிறார்கள். தளம் போட்டபின் நனைக்கச் சொன்னதைக்கூட இரண்டே நாளில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பண்பாட்டில் இல்லை என்று சொல்லும் பழக்கமே கிடையாதா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: இல்லை என்று சொல்லாத மக்கள் உலகில் எங்கும் கிடையாது. சொல்ல முடியாத இடம் உண்டு, உங்கள் வேலைத்தளம் அப்படி ஓர் இடமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஊரிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தள்ளி, மொழி தெரியாத ஊரில், கூலியைக் கையில் வைத்திருப்பவர் ‘புரிஞ்சுதா?’ என்று உரக்கக் கேட்டால், புரியவில்லை என்று சொல்லும் துணிவு உங்களுக்கோ எனக்கோ வருமா? வளைகுடா நாடுகளுக்குப் போன நம் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அங்கே அவர்களும் இப்படித்தான் தலையாட்டியிருப்பார்கள்.

இது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறொரு துறையில் நடந்ததைச் சொல்கிறேன். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் அவியாங்கா நிறுவன விமானம் ஒன்று நியூயார்க் வானில் நெடுநேரம் காத்திருக்க வைக்கப்பட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதாகத் துணை விமானி ஆங்கிலத்தில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். ஆனால் அவசர நிலை என்ற குறிப்பிட்ட சொல்லைப் பயன்படுத்தவில்லை. கேட்டவர்களுக்கு ஆபத்தின் அளவு உறைக்கவில்லை. அதிகாரமுள்ள குரலுக்கு முன்னால் அவர் தாழ்ந்து பேசினார் என்று பலர் பிற்பாடு விளக்கினார்கள். அதே வேளையில், விமானத்தின் நிலையைக் கேட்டறிய வேண்டியவர்களும் கேட்கவில்லை என்பதை நாம் விட்டுவிடக் கூடாது.

வான்வழிப் போக்குவரத்தில் கட்டுப்பாட்டு அறை சொல்லும் முக்கிய உத்தரவுகளை விமானி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. உங்கள் வேலைத்தளத்துக்கும் இதைக் கொண்டுவாருங்கள். ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியை அடியோடு விட்டுவிட்டு, ‘முதலில் என்ன செய்வாய், காட்டு’ என்று கேளுங்கள். சாதாரண சிமெண்டில் போட்ட தளத்தைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்றால், எந்தத் தேதிவரை என்று சுவரில் எண்ணால் எழுதிப் போடுங்கள். எண்ணைப் படிக்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏன் நனைக்கிறோம் என்பதையும் ஒரு முறை சொல்ல வையுங்கள், காரணம் தெரிந்த வேலையை யாரும் பாதியில் விடுவது குறைவு.

ஆள் கூட்டிவந்த மேஸ்திரி ஒருவர் வழியாக மட்டும் பேசாதீர்கள். அவர் தரகும் முன்பணமும் தொழிலாளர்களைக் கட்டிவைத்திருக்கும்போது, அவரைப் பற்றிய குறை அவர் மொழிபெயர்ப்பில் உங்களை வந்து சேராது. இந்தி தெரிந்த வேறு ஒருவரை வாரம் ஒரு முறையாவது வைத்துப் பேசுங்கள். தெரியவில்லை என்று கேட்டதற்காகவோ, தவறாகச் செய்துவிட்டோம் என்று தானே வந்து சொன்னதற்காகவோ யாருடைய கூலியையும் பிடிப்பதில்லை என்று அந்த ஆள் மூலம் முதலில் சொல்லிவிடுங்கள்; சொன்னபின் ஒரு தடவைகூடப் பிடிக்காதீர்கள்.