ஹெட்போனில் கேட்ட குரல் மைக் செட்டில் எங்கே போனது?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். மாரியம்மன் பண்டிகைக்காக ஆறு பாட்டு பதிவு செய்திருக்கிறோம். பம்பை, உடுக்கை, ஆர்மோனியம், முகவீணை (நாதஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவி) எல்லாம் உண்டு. பாடியவர் எங்கள் கூத்து வாத்தியார். தர்மபுரியில் ஒரு நண்பர் மிக்ஸிங் செய்து கொடுத்தார். ஹெட்போனில் அருமையாக இருக்கிறது. யூடியூபில் மற்ற பாட்டுகளோடு சேர்த்துக் கேட்டால் சத்தம் குறைவு. மைக் செட்டில் போட்டால் குரலே அமுங்கிப் போகிறது. மாஸ்டரிங் செய்தால் சரியாகிவிடும் என்று ஒரு ஸ்டூடியோவில் தனியாகப் பணம் கேட்கிறார்கள். மாஸ்டரிங் என்பது சத்தத்தைக் கூட்டுவதுதானே? அவசியம் வேண்டுமா?

பதில்: மாஸ்டரிங் சத்தத்தைக் கூட்டுவது மட்டுமல்ல, கலந்து முடிந்த பாட்டு எங்கே போட்டாலும் நன்றாக ஒலிக்கும்படி செய்யும் கடைசித் திருத்தம். அது வேண்டும். ஆனால் இப்போதே பணத்தைக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொன்னதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. சத்தக் குறைவு மாஸ்டரிங்கில் பெருமளவு சரியாகும். மைக் செட்டில் குரல் அமுங்குவது மிக்ஸிங்கில், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்கும்போது, வந்த கோளாறாகத்தான் இருக்க வேண்டும். மாஸ்டரிங் செய்கிறவர் கைக்கு வருவது எல்லாம் கலந்து முடிந்த ஒரே ஸ்டீரியோ (இடது, வலது என இரண்டு பக்க ஒலி) ஃபைல். அதில் குரலைத் தூக்கினால், அதே சுருதியில் ஓடும் ஆர்மோனியமும் கூடவே எழும்பும்.

குரல் ஏன் காணாமல் போகிறது? நம் ஊர் மைக் செட்டுகள் பெரும்பாலும் மோனோ. இடது, வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றன. குரல் அகலமாகக் கேட்கட்டும் என்று மிக்ஸிங்கில் சில எஃபெக்டுகள் போடுவார்கள். அவற்றில் சில, ஒரு பக்க அலையைத் தலைகீழாக்கியோ, சில மில்லிசெகண்ட் தள்ளியோ வைக்கின்றன. ஹெட்போனில் இரண்டும் வெவ்வேறு காதுக்குப் போவதால் சுகமாக இருக்கும். மோனோவில் சேர்ந்ததும் ஒரு அலை ஏறும் இடத்தில் இன்னொன்று இறங்கி, ஒன்றையொன்று அழித்துவிடும். போதாததற்குக் குழாய் ஸ்பீக்கர் ஆழமான ஒலியைத் தராது. நடு ஒலியைத்தான் முன்னால் தள்ளும். முகவீணையும் ஆர்மோனியமும் அங்கேதான் இருக்கின்றன, மிச்சமிருக்கும் குரலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பல வருடத்துக்கு முன் ஒரு அங்காளம்மன் பாட்டை நானே மிக்ஸ் செய்து, நானே மாஸ்டரிங்கும் முடித்தேன். இரவெல்லாம் ஹெட்போனில் கேட்டுக் கேட்டுப் பூரித்துப் போனேன். காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளையன்று அது ஓடியபோது பம்பை மட்டும் முழங்கியது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பாடியவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் மிக்ஸ் செய்த பாட்டை நான் மாஸ்டரிங் செய்வதில்லை. அந்தப் பாட்டை அதுவரை கேட்காத ஒரு காது வேண்டும்.

உங்கள் போனிலேயே சோதிக்கலாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, செட்டிங்ஸில் ஆக்சசபிலிட்டிக்குள் போனால் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கும். பாட்டை ஓடவிட்டு அதை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். மோனோவில் குரல் பின்வாங்கினால் நண்பரிடம் திரும்பிப் போங்கள். குரலில் அகல எஃபெக்ட் இருந்தால் எடுத்துவிட்டு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். குரல் வரும் இடங்களில் முகவீணையைக் கொஞ்சம் தாழ்த்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அடுத்து சத்தம். பம்பையின் ஒவ்வொரு அடியும் கண்ணிமைக்கும் நேரம் உச்சத்துக்குப் போய் இறங்குகிறது. அந்த முனைகள் உச்சவரம்பை (டிஜிட்டலில் அது 0 டெசிபெல், அதற்குக் கீழே எல்லாம் மைனஸ்) தொடுவதால் மற்றதெல்லாம் தாழ்வாகவே நிற்க வேண்டியிருக்கிறது. லிமிட்டர் அந்த முனைகளை அடக்கி, மொத்தத்தையும் மேலே தூக்கும். அளவோடு செய்தால் நல்லது. அளவு மீறினால் பம்பை அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகிவிடும். சாமி வரவழைக்கிற அடி அது, அதை மழுங்கடித்துவிட்டு என்ன பாட்டு?

இன்னொன்று, மிகையாகத் தூக்கிப் பயனுமில்லை. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் பாட்டின் சராசரி சத்தத்தை அளந்து, ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவருகின்றன. மைனஸ் 8-ல் ஏற்றினால் 6 டெசிபெல் குறைத்துவிடுவார்கள்; நசுங்கிய பம்பைதான் மிஞ்சும். அதே சமயம், தாழ்வாக இருக்கிற பாட்டை யூடியூப் தானாக ஏற்றித் தராது. உங்கள் பாட்டு மெலிதாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உச்ச முனை மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

மாஸ்டரிங் என்ற வேலையே இசைத்தட்டுக் காலத்தில் வந்தது. ஆழமான ஒலி அதிகமானால் தட்டில் வெட்டும் பள்ளம் அகலமாகி ஊசி துள்ளும். பாட்டு தட்டில் நிற்கும்படி திருத்தி வெட்டித்தர ஒருவர் இருந்தார். இன்று போன், கார், மைக் செட் என எங்கே போட்டாலும் பாட்டு நிற்க வேண்டும். உங்களுக்கு ஆறு பாட்டு. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது யாரும் வால்யூமைத் தொடாதபடி சத்தத்தையும் குரலின் தன்மையையும் ஒரே வரிசையில் கொண்டுவருவதும் இதே வேலைதான்.

கம்ப்யூட்டரே செய்துதரும் ஆன்லைன் சேவைகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும். ஆனால் முகவீணையின் கூர்மை குறையா, குணமா என்று அதற்குத் தெரியாது.

சரி, கொடுப்பதென்று முடிவானால் எம்பி3 அனுப்பாதீர்கள். 24 பிட் வேவ் (தரம் குறைக்காத WAV) ஃபைல், பதிவு செய்த அதே சாம்பிள் ரேட்டில் (ஒரு நொடிக்கு ஒலியை எத்தனை முறை அளந்தார்கள் என்ற எண்; நண்பருக்குத் தெரியும்). எல்லா ஒலியும் ஒன்றுசேரும் மாஸ்டர் சேனலில் நண்பர் லிமிட்டர் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, உச்சம் மைனஸ் 6 டெசிபெல் பக்கம் இருக்கும்படி ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். எந்தப் பாட்டு மாதிரி ஒலிக்க வேண்டும் என்று ஒன்றைக் காட்டுங்கள். மைக் செட்டிலும் ஓடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதலில் ஒரு பாட்டை மட்டும் கொடுங்கள். திரும்பி வந்ததும், பழையதையும் புதியதையும் ஒரே சத்தத்துக்கு வைத்து ஒப்பிடுங்கள். சத்தம் கூடுதலாக இருப்பதே நல்லது என்று நம் காது ஏமாறும். அப்புறம் பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் மைக் செட்காரரைக் கூப்பிட்டு, கோயில் திடலில் ஒரு குழாயைக் கட்டி ஓடவிட்டு, வாத்தியாரைத் தெருமுனையில் நிற்கவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்குத் தன் வார்த்தைகள் ஒவ்வொன்றும் புரிந்தால் மீதி ஐந்தையும் கொடுத்துவிடலாம்.