கடிகாரத்தை ஓட்டிவிட்டவர்

அன்புள்ள ஐயா,

நீங்கள் அடிக்கடி குறிப்பிடும் மெக்சிகோ இயக்குநர் கார்லோஸ் ரெய்காதாஸின் ‘சைலன்ட் லைட்’ பார்த்தேன். தொடக்கத்தில் ஆறு நிமிடத்துக்குப் பொழுது விடிந்துகொண்டே இருக்கிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் படத்தை முடித்தேன். அவர் வக்கீல் வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்கு வந்தவராமே. நானும் ஐடி வேலையை விடலாமா? அடுத்து அவருடைய ‘ஜப்பான்’ பார்க்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வேலை விஷயத்தை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த ‘ஒன்றரை மடங்கு’ என்ற இடத்தில்.

மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில், மென்னோனைட் என்கிற கட்டுப்பாடான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு விவசாயி வீடு. காலைச் சாப்பாட்டுக்கு முன் அப்பா, அம்மா, பிள்ளைகள் தலைகுனிந்து ஜெபிக்கிறார்கள். சுவர்க் கடிகாரச் சத்தம் மட்டும்தான். எல்லோரும் வெளியே போனதும் அந்த மனுஷன் எழுந்துபோய்க் கடிகாரத்தை நிறுத்துகிறான். பிறகு தேம்பித் தேம்பி அழுகிறான். அவனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு, அது மனைவிக்கும் தெரியும் என்பதெல்லாம் நமக்குப் பிறகுதான் தெரியவருகிறது. கடிகாரம் ஓடிய நேரம் முழுக்க நாமும் அங்கே உட்கார்ந்திருந்தால்தான் அது நின்றதும் வயிற்றைப் பிசையும். நீங்கள் கடிகாரத்தையே வேகமாக ஓட்டிவிட்டீர்களே ஐயா!

இதை நான் பார்த்தது ஒரு திரைப்பட விழாவில். விடியல் காட்சியில் பின்வரிசையிலிருந்து ஒருவர் “ஆபரேட்டர் தூங்கிட்டாரா?” என்று கத்தினார். அரங்கமே சிரித்தது, நானும்தான். சிரிப்பு அடங்கியபோதுதான் பூச்சிகளின் இரைச்சலும் மாடுகள் கத்துவதும் காதில் விழுந்தன. அதுவரையிலும் அவை ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.

வேலையை விட்டார், வேலையை விட்டார் என்று எல்லோரும் இதையே பிடித்துக்கொள்கிறீர்கள். விடுவது ஒரு நாள் காரியம். அப்புறம் அவர் என்ன செய்தார்? 2002-இல் ‘ஜப்பான்’ தொடங்கி 2018 வரை ஐந்தே முழுநீளப் படங்கள். பெரும்பாலும் தொழில்முறை நடிகர்களே கிடையாது. ‘சைலன்ட் லைட்’டில் மனைவியாக வருபவர் மிரியம் டேவ்ஸ், கனடாவைச் சேர்ந்த நாவலாசிரியர். ‘போஸ்ட் டெனிப்ராஸ் லக்ஸ்’ படத்தில் தன் சொந்தப் பிள்ளைகளையே நடிக்க வைத்தார். 2012-இல் கான் திரைப்பட விழாவில் பத்திரிகையாளர்கள் அந்தப் படத்தை எதிர்த்துக் கூச்சல் போட்டார்கள். நடுவர்கள் சிறந்த இயக்குநர் விருதைக் கொடுத்தார்கள். அவரிடம் உதவியாளராக இருந்த அமத் எஸ்கலாந்தே அடுத்த வருடமே அதே விருதை வாங்கினார். சரி, விருதுக் கதை போதும்.

‘ஜப்பான்’ இப்போது வேண்டாம். இதையே மறுபடி பாருங்கள், போனில் அல்ல, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு டிவியில். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் திட்டி எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.