வாசகர் கேள்விகள்: ஆலயக் கதவும் அரசியல் சட்டமும்

கேள்வி: அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்கும் என் மகன், அங்கே ஒரு சபை "வெள்ளையர்களுக்கு மட்டும்" என்று வெளிப்படையாக அறிவித்தாலும் அரசால் தடுக்க முடியாது என்று எழுதியிருக்கிறான். ஹோட்டலில் நிறவேற்றுமை பார்ப்பது சட்டவிரோதம் என்றால், கடவுளின் வீட்டில் மட்டும் அதை எப்படி அனுமதிக்கிறார்கள்?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் மகன் எழுதியிருப்பது பெரும்பாலும் சரிதான். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் ஹோட்டல், உணவகம், பெட்ரோல் நிலையம், திரையரங்கு, விளையாட்டரங்கு ஆகிய பொது இடங்களில் நிறத்தின் பெயரால் ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று விதித்தது. அந்தப் பட்டியலில் வழிபாட்டிடங்கள் இல்லை. 1791இல் ஏற்கப்பட்ட அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையில் அரசு கை வைப்பதைத் தடுக்கிறது. ஒரு சபை யாரை உறுப்பினராக ஏற்கிறது, யாரைப் பிரசங்க மேடையில் ஏற்றுகிறது என்பது அந்த உரிமைக்குள் அடங்கும் என்பதே நீதிமன்றங்களின் நிலை. போதகர் நியமனத்தில் வேலைவாய்ப்புப் பாகுபாட்டுச் சட்டங்கள் செல்லாது என்று 2012இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். அந்த வழக்கு நிறத்தைப் பற்றியதல்ல. ஆனால் அதில் சொல்லப்பட்ட விதிக்கு நிறமும் விலக்கல்ல.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எழும் கோபம் எனக்கும் உண்டு. இருந்தாலும் அரசை ஆலயத்துக்கு வெளியே நிறுத்தும் அந்தச் சுவரை இடித்துவிடலாம் என்று சொல்வதற்கு முன், அது யாரையெல்லாம் காத்தது என்பதையும் பார்க்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலடெல்ஃபியா நகரின் புனித ஜார்ஜ் மெத்தடிஸ்ட் ஆலயத்தில் நடந்ததை, அங்கே இருந்த ரிச்சர்ட் ஆலன் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆலயத்துக்குப் புதிய தளம் போடவும் மேல்மாடம் கட்டவும் கறுப்பினத்தார் தாராளமாகக் காணிக்கை கொடுத்திருந்தார்கள். அப்படியிருந்தும், ஒரு ஞாயிறு அவர்கள் முழந்தாட்படியிட்டு ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே ஆலய நிர்வாகி ஒருவர் வந்து, இங்கே மண்டியிடக்கூடாது என்று அப்சலம் ஜோன்ஸ் என்பவரைப் பிடித்துத் தூக்க முயன்றார். ஜெபம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அதன்பிறகு உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கமாட்டேன் என்று ஜோன்ஸ் கேட்டுக்கொண்டார். அந்த நிர்வாகி பொறுக்கவில்லை, உதவிக்கு இன்னொருவரை அழைத்தார். ஜெபம் முடிந்ததும் கறுப்பினத்தார் அனைவரும் ஒரே கூட்டமாக எழுந்து வெளியேறினார்கள்.

ஆலன் 1794இல் பெத்தேல் என்ற பெயரில் தனி ஆலயத்தை நிறுவினார். பிரசங்க மேடையும் சொத்தும் தங்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும் என்று வெள்ளையரான மெத்தடிஸ்ட் தலைவர்கள் பல ஆண்டுகள் நெருக்கினார்கள். 1816இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் பெத்தேல் சபையின் பக்கம் நின்றது. அதே ஆண்டில் ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை உருவானது. தங்கள் மேடைக்குத் தாங்களே போதகரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கறுப்பினத்தாருக்கு அன்று உயிர்நாடியாக இருந்தது. பின்னாளில் சிவில் உரிமைப் போராட்டம் கூடிப் பேசியதும் பாடியதும் திட்டமிட்டதும் இப்படிப்பட்ட சுதந்திரமான சபைகளின் கூரைகளுக்கு அடியில்தான். யார் எங்கே மண்டியிடலாம் என்று ஆணையிடும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்திருந்தால், நிறவேற்றுமையைக் கடைப்பிடித்த அன்றைய அமெரிக்கத் தென்மாநில அரசுகள் அதை எவருக்கு எதிராகப் பயன்படுத்தியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அரசு ஆலய வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருக்கவில்லை. 1963 அக்டோபரில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், உலகெங்கும் கிறிஸ்தவர்கள் ஒரே நாளில் திருவிருந்தில் பங்கேற்கும் ஞாயிறன்று, கறுப்பின மாணவிகள் இருவரும் வெள்ளையின மாணவி ஒருவரும் சேர்ந்து வெள்ளையரின் மெத்தடிஸ்ட் ஆலயம் ஒன்றுக்குச் சென்றபோது போலீஸ் அவர்களைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று அதே நகரின் காலோவே ஆலயத்துக்கு இரண்டு மெத்தடிஸ்ட் பேராயர்கள் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் கறுப்பர், மற்றவர் வெள்ளையர். தங்கள் திருச்சபையின் பேராயர்களையே அந்தச் சபையார் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். இதற்கு முந்தைய ஆண்டில், கறுப்பர்களைத் திருப்பி அனுப்பியதைச் சகிக்க முடியாமல் அந்த ஆலயத்தின் போதகர் செலா பதவி விலகியிருந்தார்.

என்னைத் தூங்கவிடாத நிகழ்ச்சி வேறொன்று. கானா நாட்டில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகளால் மனம் மாறிய சாம் ஓனி என்ற இளைஞர், அந்த மிஷனரிகளின் தூண்டுதலால் ஜார்ஜியா மாநிலத்தின் மெர்சர் பல்கலைக்கழகத்தில் 1963இல் சேர்ந்தார். 1966 செப்டம்பரில் வளாகத்தை ஒட்டியிருந்த பாப்டிஸ்ட் ஆலயத்துக்கு ஆராதனைக்குச் சென்றபோது, சபையின் உதவிக்காரர்கள் அவரை வாசலிலேயே பிடித்து அகற்றினார்கள். அவரை வரவேற்க விரும்பிய போதகரையும் அதே நாளில் வாக்கெடுத்து நீக்கினார்கள். ஆப்பிரிக்க மிஷன் ஊழியத்துக்குக் காணிக்கை அனுப்பிவந்த திருச்சபைக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள், அந்த ஊழியத்தின் பலனாக வந்து நின்ற ஒரு மனிதரைக் கண்டதும் கதவை மூடினார்கள். இதைச் சட்டம் தண்டிக்கவில்லை. அதனால் இது சரியாகிவிடாது.

கேள்வி: நிறவெறியைக் கைவிடாத கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரிவிலக்கை அமெரிக்க அரசு ரத்து செய்ததாகப் படித்தேன். அரசுக்குப் பிடிக்காத நம்பிக்கை உள்ளவர்கள்மீது வரியை ஏவுவது ஆபத்தானதல்லவா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஆபத்து உண்டு; அந்த வழக்கின் நீதிபதிகளில் ஒருவரே அதைச் சுட்டிக்காட்டினார். முதலில் வழக்கைச் சொல்கிறேன்.

தெற்குக் கரோலினாவின் கிரீன்வில் நகரில் உள்ள பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1971 வரை கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவே இல்லை. பிறகு தம் இனத்துக்குள் மணமானவர்களை மட்டும் சேர்த்தது. 1975இல் மணமாகாதவர்களுக்கும் கதவைத் திறந்தாலும், இனம் விட்டு இனம் காதலிப்பவர்களும் மணப்பவர்களும் வெளியேற்றப்படுவார்கள் என்று விதி எழுதி வைத்தது. வருமான வரித்துறை 1970இலேயே இத்தகைய நிறுவனங்களுக்கு இனி வரிவிலக்கு இல்லை என்று அறிவித்திருந்தது. 1976இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் விலக்கை முன்தேதியிட்டு நீக்கியது. பல்கலைக்கழகம் ஒரே ஓர் ஊழியருக்கான வேலையின்மை வரியாக 21 டாலரைக் கட்டி, அதைத் திருப்பிக் கொடு என்று வழக்குத் தொடுத்தது. அரசோ, எங்களுக்கு வரவேண்டியது ஏறக்குறைய 4,90,000 டாலர் என்று எதிர்வழக்குப் போட்டது.

1982 ஜனவரியில் ரீகன் அரசு திடீரெனப் பின்வாங்கி, இந்த விலக்கை நீக்க வரித்துறைக்கு அதிகாரமில்லை என்ற நிலையை எடுத்தது. எனவே வரித்துறையின் பக்கம் வாதாட உச்ச நீதிமன்றம் வில்லியம் கோல்மன் என்ற வழக்கறிஞரைத் தானே நியமித்தது. அவர் முன்னாள் மத்திய அமைச்சர், கறுப்பினத்தவர். 1983 மே 24 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. வரிவிலக்கு என்பது மற்ற எல்லா வரி செலுத்துவோரும் சேர்ந்து தூக்கும் சுமை. கல்வியில் நிறப்பாகுபாட்டை ஒழிப்பது நாட்டின் அடிப்படைக் கொள்கையாகிவிட்ட பிறகு, அதற்கு நேர் எதிராக நடக்கும் நிறுவனத்தைத் தர்ம ஸ்தாபனம் என்று கருத முடியாது என்பது தலைமை நீதிபதி பர்கர் எழுதிய தீர்ப்பின் சாரம். பல்கலைக்கழகம் தன் நம்பிக்கையை வைத்துக்கொள்ளலாம், அதன்படி நடக்கவும் செய்யலாம். அதற்கான செலவில் நாட்டு மக்கள் அனைவரையும் பங்காளியாக்க முடியாது.

இங்கேதான் மதச்சுதந்திரத்தின் எல்லைக்கோடு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. வழிபாட்டுக்குள் அரசு நுழையக்கூடாது. ஆனால் வழிபாட்டிலிருந்து வெளியே வந்து கடை நடத்தினாலோ, பட்டம் வழங்கினாலோ, பொதுப்பணத்தின் சலுகையைக் கேட்டாலோ, அங்கே பொதுவிதி உண்டு. அதே தெற்குக் கரோலினாவில் இறைச்சி உணவகங்கள் நடத்திய ஒருவர், கறுப்பர்களை உட்காரவைத்து உணவு கொடுக்கச் சொல்வது என் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று வாதாடியபோது, 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைப் பொருட்படுத்தவே தகுதியற்றது என்று ஓர் அடிக்குறிப்போடு ஒதுக்கியது.

உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். தீர்ப்பின் முடிவோடு உடன்பட்ட நீதிபதி பவல், அரசின் கருத்தோடு ஒத்துப்போகும் அமைப்புகளுக்கு மட்டும்தான் வரிவிலக்கு என்று ஆகிவிட்டால் பன்முகத்தன்மை என்னாவது என்று தனியாக எழுதினார். நீதிபதி ரென்குவிஸ்ட் மட்டும் மாறுபட்டு, இதைச் செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான், அது இன்னும் அப்படிச் சட்டம் இயற்றவில்லை என்றார். இருவரின் எச்சரிக்கையும் நியாயமானது. அதனால்தான் தீர்ப்பிலேயே ஒரு வேலி போட்டிருக்கிறார்கள்: நாங்கள் பேசுவது மதப் பள்ளிகளைப் பற்றி மட்டுமே, சபைகளையோ முற்றிலும் மதம் சார்ந்த அமைப்புகளையோ பற்றியல்ல என்று ஓர் அடிக்குறிப்பு கூறுகிறது. அடிமைமுறையின் தொடர்ச்சியாக வந்த நிறப்பாகுபாட்டை, நாடாளுமன்றமும் அரசும் நீதிமன்றமும் பல ஆண்டுகளாக ஒரே குரலில் கண்டித்த பின்பே இந்தத் தீர்ப்பு வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஏதோ ஓர் அதிகாரியின் விருப்பு வெறுப்பில் பிறந்ததல்ல அது.

பல்கலைக்கழகம் வரியைக் கட்டிக்கொண்டே தன் விதியை மேலும் 17 ஆண்டுகள் வைத்திருந்தது. 2000இல் விதியைக் கைவிட்டது. 2008இல் மன்னிப்புக் கேட்டது.

கேள்வி: வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டே எப்படி நிறவேற்றுமையை நியாயப்படுத்தினார்கள்? திருச்சபைகள் தங்கள் தவறை ஒப்புக்கொண்டதுண்டா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தின் 26ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். மனுஷஜாதியான சகல ஜனங்களையும் தேவன் "ஒரே இரத்தத்தினாலே" தோன்றப்பண்ணினார் என்று தொடங்கும் அந்த வசனம், அவர்கள் "குடியிருப்பின் எல்லைகளையும்" குறித்தார் என்று முடிகிறது. அடிமைமுறையை எதிர்த்தவர்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே சொன்ன பல்கலைக்கழகத்தின் நிறுவனரோ, 1960இன் ஈஸ்டர் நாளில் வானொலியில் பிரசங்கித்தபோது இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு, இனங்களைப் பிரித்து வைத்தது தேவனே என்றார். அதேபோல் ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் நோவா சபிப்பது கானானை. அங்கே நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் அந்தச் சாபத்தை ஆப்பிரிக்க மக்கள் அனைவர் தலையிலும் ஏற்றி, அவர்களை அடிமைகளாக்கியதற்கு நியாயம் கற்பித்தார்கள்.

ஒப்புக்கொண்டவர்களும் உண்டு. அடிமைகளை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்ற சச்சரவில் 1845இல் தனியாகப் பிரிந்துவந்த தென்மாநில பாப்டிஸ்ட் கூட்டமைப்பு, தன் 150ஆம் ஆண்டான 1995இல் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது இதைவிட ஆழமானது என்று நான் கருதுகிறேன். அங்கே டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை 1857இல், எல்லோரும் சேர்ந்து ஆராதிப்பதே வேதத்தின்படி சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டு, "சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு" தனித்தனியாக ஆராதிக்க அனுமதி கொடுத்தது. அந்தச் சிலருடைய பலவீனம் 1881இல் கலப்பினத்தாருக்கென்று ஒரு தனித் திருச்சபையையே உருவாக்கியது. பிரிவினையே முறை என்றானது. நூறாண்டு கழித்து, 1982இல், அப்படித் தனியே தள்ளப்பட்ட அந்தத் திருச்சபைதான் பெல்ஹார் என்ற இடத்தில் கூடி, பிரிவினையைப் போதிப்பது சுவிசேஷத்துக்கே விரோதம் என்று ஒரு விசுவாச அறிக்கையை எழுதியது. அதே ஆண்டு ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் பேரவை, நிறவெறிக்கு இறையியல் நியாயம் சொல்வதைத் துர்ப்போதனை என்று அறிவித்து, அதைக் கைவிடாத இரண்டு வெள்ளையர் திருச்சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. எந்த அரசும் சொல்லி இது நடக்கவில்லை.

கேள்வி: நம் ஊரில் நிறமில்லை, சாதி இருக்கிறது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனி மூலை. இதையும் மதச்சுதந்திரம் என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: முடியாது. இந்த விஷயத்தில் இந்தியச் சட்டம் அமெரிக்கச் சட்டம் நிற்கும் இடத்தில் நிற்பதில்லை. வாசலைத் தாண்டி உள்ளே வருகிறது. நம் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு தரும் மதச்சுதந்திரம் மற்ற அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டது; அவற்றுள் தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவும் ஒன்று. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரே மதத்தைச் சேர்ந்த மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் தீண்டாமை காரணமாக ஒருவரைத் தடுப்பதும், இடுகாட்டைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம். சட்டம் கோவில் என்றோ ஆலயம் என்றோ பிரித்துப் பேசவில்லை.

உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு முன்வரலாறு இருக்கிறது. வடக்கன்குளம் ஆலயம் சாதிக்கொரு பக்கமாக இரண்டு நீண்ட கூடங்களோடு, பீடத்தில் மட்டும் இணையும்படி கட்டப்பட்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அந்தத் தடுப்பை அகற்றியபோது, பிள்ளை, முதலியார் சமூகத்துக் கிறிஸ்தவர்கள் தடுப்பைத் திரும்ப வைக்க வேண்டும் என்று வழக்காடினார்கள். சாதிப்படி தனி இடம் கேட்க ஆலயத்தில் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. இது 17ஆவது பிரிவு எழுதப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையால் செய்யப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை என்பதால், தலித் கிறிஸ்தவர் இந்த அனுமானத்தை இழக்கிறார். தீண்டாமையைத் தாமே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எனவே, கல்லறைத் தோட்டத்தின் நிலையைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். பொது இடத்தில் அடக்கம் செய்ய அனுமதி கேட்டு குருவானவருக்கோ சபைக் கமிட்டிக்கோ எழுத்தில் விண்ணப்பித்து, பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். மறுத்தால், இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்பதால், அந்தத் தாள்களோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.