பஜனைக் குழுவுக்கு ஒரு சின்ன மிக்ஸர் வாங்கியிருக்கிறோம். கெய்ன், ஃபேடர், எக்கோ எல்லாவற்றையும் எவ்வளவு வைக்க வேண்டும்?

என் சித்தப்பா மைக்செட் வைத்திருந்தார். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அவரோடு குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் என் வேலை. அவருடைய ஆம்ப்ளிஃபயரில் மைக்குக்கு ஒரே ஒரு திருகு. சத்தம் போதவில்லையா, வலப்பக்கம் திருகு. கூவுகிறதா, இடப்பக்கம் திருகு. அந்தப் பழக்கத்தோடு எங்கள் தெரு பஜனைக் குழுவின் மிக்ஸர் முன்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் தப்பாகவே ஓட்டினேன். காரணம், கெய்னையும் இன்னொரு வால்யூம் என்று நினைத்துக்கொண்டதுதான்.

மைக்கிலிருந்து வருகிற மின்சாரம் மிகமிகக் கொஞ்சம். மேடைகளில் நாம் அதிகம் பார்க்கிற ஷூர் எஸ்எம்58 மைக், 94 டெசிபெல் (டெசிபெல் என்பது சத்தத்தை அளக்கிற அலகு) அளவுள்ள உரத்த சத்தத்துக்குக்கூட இரண்டு மில்லிவோல்ட்டைத் தொடுவதில்லை. மிக்ஸருக்குள்ளே நடக்கிற வேலையோ ஒரு வோல்ட் கணக்கில். ஆகவே வாசலிலேயே அதை நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு பெருக்கித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கெய்னின் வேலை அதுதான். குறைத்து வைத்தால் பின்னால் எங்கோ ஏற்றவேண்டி வரும், கூடவே உஸ்ஸென்ற இரைச்சலும் ஏறும். கூட்டி வைத்தால் குரல் உச்சத்துக்குப் போகும்போது ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதற்கு அப்புறம் ஃபேடரை, அதாவது மேலும் கீழும் தள்ளுகிற சத்தக் குமிழை, எவ்வளவு இறக்கினாலும் அந்தக் கரகரப்பு போகாது. அடிப்பிடித்த பாலில் தண்ணீர் விட்டால் வாடை போகிறதா என்ன?

சரி, வைக்கிற முறைக்கு வருகிறேன். எல்லா ஃபேடரும் கீழே, கெய்ன் எல்லாம் இடக்கோடியில், பாஸ், டிரபிள் திருகுகள் நடுவில். இப்போது ஒருவரை மைக் முன்னால் நிறுத்திப் பாடச் சொல்லுங்கள். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" வேண்டவே வேண்டாம். எங்கள் குழுவில் ஒரு மாமி இருக்கிறார். டெஸ்டிங் என்றால் ரகசியம் சொல்வது போலச் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். நாமாவளி நாலாவது சுற்றில் வேகம் பிடித்ததும் அதே மாமியின் குரல் தெருமுனை வரை கேட்கும். அதனால் அவர்களுடைய மிக உரத்த பாட்டை, அதே நிலையில் நின்று, மைக்கை அதே தூரத்தில் பிடித்துப் பாட வையுங்கள். அந்தச் சானலின், அதாவது அந்த மைக்குக்கு உரிய திருகு வரிசையின், பிஎஃப்எல் பட்டனை அமுக்கினால் மீட்டரில் அது மட்டும் தெரியும். கெய்னை மெதுவாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். விளக்கு பூஜ்யத்தை ஒட்டி ஆட வேண்டும், எப்போதாவது அதைத் தாண்டி ஒரு எட்டு போய் வரலாம். பீக் என்ற சிவப்பு விளக்கு சிமிட்டினால் ஒரு மயிரிழை பின்னால் வாருங்கள். யமஹா எம்ஜி மாதிரி மிக்ஸர்களில் கரகரப்பு தொடங்குவதற்கு 3 டெசிபெல் முன்னாலேயே அந்த விளக்கு எரிந்துவிடும். இருந்தாலும் ஒத்திகையிலேயே சிமிட்டுகிற சானல், கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில் நிச்சயம் எகிறும்.

கெய்ன் முடிந்ததும் சானல் ஃபேடரையும் மெயின் ஃபேடரையும் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம்தான் ஆம்ப்ளிஃபயரையோ பவர்ட் ஸ்பீக்கரின் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற ஸ்பீக்கர்) பின்பக்கத் திருகையோ, இடத்துக்குப் போதுமான சத்தம் வரும்வரை ஏற்ற வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஸ்பீக்கரை முழுசாகத் திறந்துவிட்டு, ஃபேடரை அடியில் ஒரு விரற்கடை மட்டும் ஏற்றி வைத்து ஓட்டுவார்கள். ஃபேடரின் அடிப்பகுதியில் கொஞ்சம் நகர்த்தினாலே சத்தம் தடாலடியாக மாறும். பூஜ்யத்தை ஒட்டிய இடத்தில்தான் நுணுக்கமாக நகர்த்த முடியும். அந்த இடத்தில் வேலை செய்வதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இவ்வளவும் ஆன பிறகு கெய்னைத் தொடாதீர்கள். நிகழ்ச்சி நடுவில் "சத்தம் பத்தலை" என்று யாராவது கை காட்டினால் உங்கள் கை ஃபேடருக்கு மட்டுமே போக வேண்டும். கெய்னைத் தொட்டால் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போகிறதும் கூடவே ஏறும். மானிட்டர் பாடகரின் முகத்துக்கு நேரே இருக்கிறது. அடுத்த நொடி கூவும். கூவினதும் பதறிக் கெய்னைக் குறைப்போம், ஃபேடரை ஏற்றுவோம், பத்து நிமிஷத்தில் எது எங்கே இருந்தது என்று நமக்கே தெரியாது. நான் கெய்ன் திருகுக்குப் பக்கத்தில் செல்லோடேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு வைத்துவிடுவேன்.

கூவுவதைப் பற்றி இன்னும் ஒன்று. பஜனையில் ஆளுக்கொரு மைக் கேட்பார்கள். திறந்திருக்கிற மைக் இரண்டு மடங்கானால், கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபெல் குறையும். எட்டு மைக் திறந்து வைத்திருந்தால், ஒரே மைக்கில் கிடைத்ததைவிட 9 டெசிபெல் நஷ்டம். பாடாதவர்களின் மைக்கை மூடுங்கள். மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கிற தம்பிகளுக்குத் தனியாக ஒரு வகுப்பு எடுங்கள்.

குரல் சானல்கள் எல்லாவற்றிலும், அடித்தொனியை வெட்டுகிற 80 ஹெர்ட்ஸ் பட்டனை அமுக்கி வையுங்கள். மூச்சு, மேடை அதிர்வு, ஸ்டாண்டில் கால் இடிப்பது எல்லாம் அடங்கும். மிருதங்கம், டோலக் சானல்களில் அமுக்க வேண்டாம்.

போனிலிருந்து பாட்டுப் போடப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு வளைகாப்பில் என் போனிலிருந்து ஒரு ஒயரை எடுத்து நேராக ஒரு மைக் சானலின் லைன் ஓட்டையில் சொருகினேன். இசை வந்தது, கோரஸ் வந்தது, பாடகி மட்டும் காணோம். அவருடைய குரல் எங்கோ கிணற்றுக்குள் எதிரொலிப்பது போல லேசாகக் கேட்டது. கரோகே டிராக்கைப் போட்டுவிட்டாயா என்று கேட்டார்கள். நடந்தது என்னவென்றால், என் ஒயரின் இரண்டு முனையும் ஸ்டீரியோ பின். அந்த ஓட்டை, ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் எதிர்பார்த்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். பாடகர் குரல் பெரும்பாலும் இடத்திலும் வலத்திலும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். கழித்தால் மிச்சம் பூஜ்யம். இடம், வலம் என்று இரண்டு மோனோ பின்னாகப் பிரிகிற ஒயரை வாங்கி ஸ்டீரியோ சானலில் போடுங்கள், பாடகி திரும்பி வந்துவிடுவார்.

இனி எக்கோ. முதலில், எக்கோ வேறு, ரிவர்ப் வேறு. சொன்னது தனியாகத் திரும்பிக் கேட்டால் எக்கோ. பெரிய கூடத்தில் பாடியது போலக் குரலைச் சுற்றிப் பரவினால் ரிவர்ப். மிக்ஸரில் ஹால், ரூம், பிளேட், கரோகே எக்கோ என்று பல வகை இருக்கும். பஜனைக்கு பிளேட் அல்லது சின்ன ஹால் போதும். எக்கோவின் இடைவெளி தாளத்தோடு ஒட்ட வேண்டும். நிமிஷத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டு 600 மில்லிசெகண்ட், அரைத்தட்டு 300. நாமாவளியோ சுற்றுக்குச் சுற்று வேகம் ஏறும், எக்கோ பழைய வேகத்திலேயே நொண்டிக்கொண்டு வரும்.

ஒவ்வொரு சானலிலும் எஃப்எக்ஸ் என்ற திருகு இருக்கும். அந்தக் குரலிலிருந்து எவ்வளவு ரிவர்ப் இயந்திரத்துக்குப் போக வேண்டும் என்பதை அது முடிவு செய்யும். திரும்பி வருவதற்குத் தனி ஃபேடர். அதைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, சானல் திருகை 'ஆ, வந்துவிட்டது' என்று காதில் படும்வரை ஏற்றுங்கள். பட்டதும் கொஞ்சம் இறக்குங்கள். பாடுகிறவர் இன்னும் வேண்டும் என்பார், தன் குரல் அப்படிக் கேட்பது அவருக்குச் சுகம். கொடுக்காதீர்கள். முன் வரிசைக்காரருக்கு வார்த்தை புரிய வேண்டும். மிருதங்கத்துக்கும் டோலக்குக்கும் நான் சுத்தமாகப் போடுவதில்லை.

டைல்ஸ் பதித்த கல்யாண மண்டபமோ கல் மண்டபமோ என்றால் ரிவர்ப் இலவசமாகவே கிடைக்கும், மிக்ஸரில் ஏறக்குறைய அணைத்தே வைக்கலாம். காலி மண்டபத்தில் முழங்குவது, ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் அடங்கிவிடும். ஆகவே கடைசி முடிவை இரண்டாவது பாட்டில் எடுங்கள். திறந்த மைதானத்தில் கொஞ்சம் தாராளமாகப் போடலாம்.

பேச்சு வந்தால் மட்டும் எஃப்எக்ஸை அணைத்தே ஆக வேண்டும். அதற்கென்று ஒரு பட்டன் இருக்கும், சில மிக்ஸர்களில் கால் சுவிட்சும் மாட்டலாம். ஒருமுறை சாமி புறப்பாட்டுக்கு வழியை மறித்து ஒரு கார் நின்றது. வண்டி நம்பரை மைக்கில் அறிவித்தார்கள். நான் எக்கோவை அணைக்க மறந்துவிட்டேன். "நாலு... லு... ஏழு... ழு..." என்று கால் மணி நேரம் தெரு முழுக்க முழங்கியது, யாரும் வரவில்லை. கடைசியில் ஆறு பேர் சேர்ந்து காரின் பின்பக்கத்தைத் தூக்கி ஓரமாக நகர்த்தினார்கள். மிக்ஸருக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தவருடைய வண்டி அது.